திரும்பி வராத ஆறு பேர்

சென்ற ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது, பேத்தியைக் கல்லூரியிலிருந்து அழைத்து வருவதற்காக எல்லோரும் காரில் கிளம்பினோம். அவள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. ஊர் பெயர் இத்தாக்கா. நியூயார்க் மாநிலம்தான் என்றாலும் நியூயார்க் நகரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். குன்றின் மேல் பல்கலைக்கழகம், கீழே கயூகா என்ற நீளமான ஏரி, ஊருக்குள்ளேயே ஆழமான பாறைப் பிளவுகள், அவற்றில் அருவிகள். ஊட்டியில் பாதியும் குற்றாலத்தில் பாதியும் எடுத்துச் சேர்த்த மாதிரி இருக்கும்.

பெரிய பெரிய பங்களாக்களின் முகப்பில் பெயருக்குப் பதிலாக மூன்று கிரேக்க எழுத்துகள். முப்பத்து நாலு வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவனுக்கு ஆல்ஃபா என்றால் வெப்பநிலைக் கெழு, ஃபை என்றால் பவர் ஃபேக்டர் கோணம், ஒமேகா என்றால் ஓம். "என்னம்மா இது, வீட்டுக்கு வீடு ஃபார்முலா எழுதி வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். பேத்தி சிரித்துவிட்டு, "ஃபார்முலா இல்ல தாத்தா, ஃப்ரட்டர்னிட்டி" என்றாள்.

நம் நாட்டில் அதற்கு நேரான ஒன்று கிடையாது. ஃப்ராட்டர் என்றால் லத்தீனில் சகோதரன். மாணவர்கள் தங்களுக்குள் ஆள் தேர்ந்தெடுத்து, ரகசியச் சடங்கு நடத்தி, உறுதிமொழி வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் சங்கம் அது. ஒரே வீட்டில் குடியிருப்பார்கள். படிப்பு முடிந்தும் உறவு விடாது. வேலை வாங்கித் தருவது முதல் எலெக்‌ஷனில் நிற்க வைப்பது வரை எல்லாம் நடக்கும். பெண்களுக்குத் தனியாக உண்டு, அதற்கு சொராரிட்டி என்று பெயர்.

இந்தக் கிரேக்க எழுத்து வழக்கம் அமெரிக்காவின் வயதே ஆனது. 1776 டிசம்பரில் வர்ஜீனியாவில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி ஃபை பீட்டா காப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி, விவாதக் கூட்டம் எல்லாம் இருந்தன. அது பின்னால் ரகசியத்தை விட்டுவிட்டு, நன்றாகப் படிக்கிறவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக ஆகிவிட்டது. சேர்ந்து குடித்துக் கும்மாளமிட்டுக் குடியிருக்கும் இன்றைய மாதிரிக்கு வித்து விழுந்தது நியூயார்க் மாநிலத்திலேயே, ஸ்கெனெக்டடி என்ற ஊரில் உள்ள யூனியன் கல்லூரியில். 1825-இல் காப்பா ஆல்ஃபா, இரண்டு வருஷம் கழித்து சிக்மா ஃபை, டெல்டா ஃபை என்று மூன்று சங்கங்கள் அங்கே அடுத்தடுத்துப் பிறந்தன.

கார்னெல் 1868-இல் திறந்தது. யார் வேண்டுமானாலும் எந்தப் படிப்பு வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது நிறுவனர் எஸ்ரா கார்னெலின் கொள்கை. வந்த பையன்கள் எங்கே தங்குவது? ஆண்களுக்கு விடுதி கட்ட வெகு காலம் ஆயிற்று. ஊருக்குள் அறை பிடிக்க வேண்டும், அல்லது ஏதாவது ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் சேர வேண்டும். முதல் தலைவராக இருந்த ஆண்ட்ரூ டிக்சன் வைட் என்பவரே மாணவப் பருவத்தில் அந்த மாதிரிச் சங்கத்தில் இருந்தவர், அதனால் அவற்றுக்கு ஆதரவும் இருந்தது. படிப்பு வகுப்பறையில் என்றால் சோறு, படுக்கை, சிநேகம், செல்வாக்கு எல்லாம் சங்க வீட்டில். யாரைச் சங்கத்தில் சேர்க்கவில்லையோ அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் பாதி இல்லை.

சேர்கிறவனுக்கும் சோதனை உண்டு. 1873 அக்டோபரில் மார்ட்டிமர் லெகெட் என்ற புது மாணவரை, காப்பா ஆல்ஃபா சங்கத்தில் சேர்க்கும் சடங்குக்காக இரவில் கண்ணைக் கட்டி ஊருக்கு வெளியே கூட்டிப் போனார்கள். இருட்டில் பாறைப் பிளவின் விளிம்பிலிருந்து விழுந்து அந்தப் பையன் இறந்துபோனான். அப்பா உள்நாட்டுப் போரில் ஜெனரலாக இருந்தவர். அமெரிக்கக் கல்லூரிகளில் இப்படிச் சேர்ப்புச் சடங்கில் போன உயிர்களின் பட்டியலில் மிகப் பழைய பெயர்களில் அது ஒன்று.

இதையெல்லாம் பேத்தி ஒரு பாலத்தின் மேல் நின்றுகொண்டு சொன்னாள். கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற ஆழத்தில் ஃபால் க்ரீக் ஓடுகிறது. 2019 அக்டோபரிலும் முதலாண்டு மாணவர் ஒருவர் ஃப்ரட்டர்னிட்டி விருந்துக்குப் போனவர் திரும்பவில்லையாம். உடல் இந்தப் பிளவில்தான் கிடைத்தது. நடுவில் 146 வருஷம்.

அங்கேதான் அவள் என்னிடம் கேட்டாள். "தாத்தா, நீங்க காலேஜ்ல ராகிங் பண்ணிருக்கீங்களா?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "இவரா? எறும்பு மேல கால் பட்டாலே நாலு நாள் வருத்தப்படுவார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு பேத்தி எங்களைப் பார்ன்ஸ் ஹால் என்ற பழைய கட்டடத்தின் அருகே கூட்டிப் போனாள். அங்கே தாழ்ந்த சுவர் ஒன்றும் உட்காரக் கல் பெஞ்சும் இருக்கின்றன. ஆங்கில எழுத்து ஜே போல வளைந்த சுவர். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கிய ஏழு பேருக்கான நினைவிடம். அந்தச் சங்கத்தில் அவர்களை ஏழு மணிகள் என்பார்கள், ஆங்கிலத்தில் மணிக்கு 'ஜுவல்', அதன் முதல் எழுத்துதான் ஜே. பேத்தி சொன்னதையும், வீட்டுக்கு வந்து நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1904-05 கல்வியாண்டில் கார்னெலில் கறுப்பின மாணவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. அடிமை முறை ஒழிந்து நாற்பது வருஷம் ஆகியிருந்த சமயம். பல்கலைக்கழகம் இடம் கொடுத்ததே தவிர, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தங்க இடம் தேட வேண்டும், சேர்ந்து படிக்க ஆள் கிடையாது. சங்க வீடுகளின் கதவு கறுப்பர்களுக்குத் திறக்காது. ஒரே ஒரு வழியில் திறக்கும். பரிமாறும் வேலைக்குப் போனால் சமையலறை வாசல் வழியாக உள்ளே போகலாம்.

மிஞ்சியவர்களுக்குப் பயம் வந்தது. அடுத்து யார்? 1905-06-இல் அவர்கள் அவ்வப்போது கூடிப் பேச ஆரம்பித்தார்கள். வடக்கு ஆல்பனி தெருவில் 421-ஆம் எண் வீடு அப்படிக் கூடிய இடங்களில் ஒன்று. ஒருவருக்கொருவர் பாடத்தில் உதவுவது, கட்டுரை வாசிப்பது, விவாதிப்பது என்று ஓர் இலக்கிய வட்டம். சி.சி. பாயின்டெக்ஸ்டர் என்ற முதுநிலை மாணவர் அதற்குத் தலைவர் மாதிரி இருந்தார், வேளாண்மை படித்தவர்.

அந்தச் சின்னக் கூட்டத்திலும் சச்சரவு. இலக்கிய வட்டமாகவே இருந்தால் போதும் என்றார் பாயின்டெக்ஸ்டர். இளையவர்களுக்கு அது போதவில்லை. கூட்டம் முடிந்தால் அவரவர் அறைக்குப் போய்விடுகிறோம், நமக்கும் உறுதிமொழி எடுத்த சகோதரர்கள் வேண்டும் என்றார்கள். சிலர் வெள்ளை மாணவர்களின் சங்க வீடுகளில் பரிமாறியவர்கள். அங்கே மேஜையைச் சுற்றி என்ன நடக்கிறது, அந்தப் பிணைப்பு எப்படி உண்டாகிறது என்று தட்டு எடுக்கும்போது பார்த்தவர்கள். தங்களை ஒதுக்கி வைத்தவர்களின் முறையையே எடுத்துக்கொள்வதா என்ற கேள்வி பாயின்டெக்ஸ்டருடையது மட்டுமாக இருந்திருக்காது. கடைசியில் இளையவர்கள் பக்கம் ஜெயித்தது. 1906 டிசம்பர் 4 அன்று ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பிறந்தது. பாயின்டெக்ஸ்டரின் பெயர் ஏழு பேரில் இல்லை. வட்டத்தைக் கூட்டியவர் அவர், வரலாறு அவரைத் தாண்டிப் போய்விட்டது. எல்லா ஊர்ச் சங்கங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

அந்த ஏழு பேர்: ஹென்றி ஆர்தர் காலிஸ், சார்லஸ் ஹென்றி சாப்மன், யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், ஜார்ஜ் பிடில் கெல்லி, நதானியேல் அலிசன் மரே, ராபர்ட் ஹெரால்ட் ஓகிள், வெர்ட்னர் உட்சன் டாண்டி. காலிஸ் டாக்டரானார். ஜோன்ஸ் நேஷனல் அர்பன் லீக் என்ற பெரிய அமைப்பை நடத்தினார். டாண்டி நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். எனக்குப் பிடித்தவர் கெல்லி. சிவில் எஞ்சினியர், நியூயார்க் மாநிலக் கால்வாய்ப் பணியில் இருந்தவர். அரசாங்க எஞ்சினியர் என்றால் நமக்கு ஒரு பாசம் வந்துவிடுகிறது, என்ன செய்வது.

ஏழு பேரும் ஏதோ ஒரு தொழிலில் நிலைத்தார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். ஆறு பேர் போன இடத்தில் ஏழு பேர் தங்கினார்கள்.

மறு வருஷமே வாஷிங்டனில் ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டா கிளை, பிறகு வர்ஜீனியாவில் காமா என்று கிரேக்க அரிச்சுவடி வரிசையில் கிளைகள் முளைத்தன. கடைசி எழுத்தான ஒமேகாவை மட்டும் எந்தக் கல்லூரிக்கும் கொடுப்பதில்லை. இறந்தவர்கள் எல்லோரும் ஒமேகா கிளையில் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு. இங்கே நாம் இயற்கை எய்தினார், சிவலோகப் பதவி அடைந்தார் என்கிறோம், அவர்கள் மாற்றலாகிப் போனதாகச் சொல்கிறார்கள்.

ஹவர்டில் 1908-இல் பெண்கள் தொடங்கியது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். இதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கமலா ஹாரிஸ் ஹவர்டில் படிக்கும்போது சேர்ந்தது இதில்தான். 2020 தேர்தலின்போது அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில், நம் திருவாரூர் மாவட்டத்தில், கோலம் போட்டுக் கோயிலில் அர்ச்சனை செய்ததை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அங்கே அவருக்காக ஓட்டுக் கேட்டு வீதியில் இறங்கியவர்களில் அந்தச் சங்கத்துப் பெண்கள் ஏராளம்.

ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா சீக்கிரமே கல்லூரிச் சுவரைத் தாண்டிவிட்டது. பட்டம் வாங்கினாலும் உறுப்பினராகத் தொடரலாம் என்பதால் வக்கீல்கள், டாக்டர்கள், ஆசிரியர்கள் அதில் நிறைந்தார்கள். பையன்களைப் பள்ளிக்குப் போ, கல்லூரிக்குப் போ என்று இயக்கம் நடத்தினார்கள். 1930-களில் ஓட்டுரிமைப் பிரசாரம் செய்தார்கள். மேரிலாண்ட் சட்டக் கல்லூரி டொனால்ட் மரே என்ற கறுப்பின மாணவருக்கு இடம் மறுத்தபோது, அந்த வழக்குக்குச் சங்கம் துணை நின்றது. நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் சார்லஸ் ஹூஸ்டனும் தர்குட் மார்ஷலும், இருவரும் சங்கத்தினர். 1936-இல் மேல்முறையீட்டிலும் மரே ஜெயித்தார். அந்த மார்ஷல்தான் 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை வாங்கித் தந்தவர், 1967-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1945 முதல் சங்கம் எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொள்கிறது. வெள்ளையர் மட்டும் என்று விதி எழுதி வைத்திருந்த பல சங்கங்கள் அதை நீக்குவதற்கு இன்னும் வெகுநாள் தயங்கின.

மார்ட்டின் லூதர் கிங் 1952-இல் பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது சேர்ந்தார். 1959-இல் அவர் இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது நடந்ததைப் பின்னால் ஒரு பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. தலைமை ஆசிரியர் அவரை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று சொல்லிவிட்டாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தபின், ஆமாம், நானும் அதுதான், என் நாட்டில் என் இனத்தார் ஒவ்வொருவரும் அதுதான் என்று தோன்றியதாம். வாஷிங்டனில் அவருக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று 1984-இல் முயற்சி தொடங்கியது அவருடைய சங்கம்தான். 1996-இல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது, 2011 அக்டோபரில் திறந்தார்கள். இருபத்தேழு வருஷம். நம் ஊர் மேம்பாலம் கெட்டது போங்கள்.

இத்தனை பெருமையையும் எழுதியபின் அடுத்ததை விட்டுவிட முடியாது. வெள்ளையர் சங்கங்களின் மேஜையிலிருந்து எடுத்து வந்தவற்றில் அந்தச் சோதனைச் சடங்கும் இருந்தது. புதிதாகச் சேர வருகிறவனை வரிசையில் நிறுத்து, தூங்க விடாதே, அவமானப்படுத்து, அடி. தாங்கினால் சகோதரன். மார்ஷலே லிங்கன் பல்கலைக்கழகத்தில் இளைய மாணவர்களிடம் இந்த மாதிரி விளையாடித் தண்டனை வாங்கியவர் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. 1989-இல் அட்லாண்டாவில், கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியிலேயே, ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர வந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இந்தச் சடங்கின்போது இறந்துபோனான். மறு ஆண்டு எல்லாக் கறுப்பினச் சங்கங்களும் சேர்ந்து, பழைய சேர்ப்பு முறையே வேண்டாம் என்று கைவிட்டன. ஆனால் சட்டத்தில் போனது ரகசியத்தில் தொடர்கிறது என்று பேத்தி சொல்கிறாள்.

ஒருவனும் விட்டுப் போகக் கூடாது என்று தொடங்கிய சங்கம் அது.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பாலத்தில் சொல்லாத பதில் தொண்டையில் நின்றது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

1967-இல் நான் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு. கல்லூரியின் பெயர் வேண்டாம். விடுதிக்குப் புதிதாக வந்த பையன்களில் ஒருவன் பெரம்பலூர் பக்கத்து மானாவாரிக் கிராமத்திலிருந்து வந்தவன். தமிழில் படித்து, பி.யூ.சி.யில் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்துக்கு மாறி, அந்த ஊரிலிருந்து முதல் ஆளாக எஞ்சினியரிங் வந்திருந்தான். தகரப் பெட்டி, இரண்டு வேட்டி. பேன்ட் கிடையாது. முதல் வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவனை மெஸ்ஸில் மேஜை மேல் ஏற்றி நிறுத்தி, ஆங்கிலப் பேப்பரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னோம். ஒவ்வொரு வார்த்தைக்கும் மெஸ்ஸே சிரித்தது. பேப்பரை எடுத்துக் கொடுத்தவன் நான். அவன் தப்பாகச் சொன்ன வார்த்தைகளைத் திருத்தி, மறுபடி சொல்லு என்று நிறுத்தியவனும் நான். எனக்கு ஒன்றும் கான்வென்ட் படிப்பு இல்லை, முசிறிக்குப் பக்கத்தில் முனிசிபல் பெஞ்சில் படித்தவன்தான். ஒரு வருஷம் முன்னால் அதே மேஜையில் என்னை ஏற்றியிருந்தார்கள். அதனால்தான் செய்தேனோ என்னவோ. அடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டு எங்களுக்குப் பிடித்துப்போய் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடந்தது. பிறகு அவன் மெஸ்ஸுக்கு வருவதையே நிறுத்தினான். எல்லோரும் போன பிறகு வந்து ஆறிய சோற்றைச் சாப்பிட்டுப் போவதாகச் சமையல்காரர் சொன்னார்.

பொங்கல் லீவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. விடுதி ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு. "வீட்டு ஞாபகம் போல" என்று யாரோ சொன்னார்கள், நாங்களும் அதையே சொல்லிக்கொண்டோம்.

1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொலை பேப்பரில் வந்தபோது, மறு வருஷம் ராகிங் தடைச் சட்டம் வந்தபோது, ஆபீஸில் எல்லோரும் ஆத்திரமாகப் பேசினார்கள். நானும் பேசினேன். அதெல்லாம் வேறு, நாங்கள் செய்தது வெறும் கேலி என்று ஒரு கணக்கு மனசுக்குள் வைத்திருந்தேன். 1980-களில் மூன்று வருஷம் பெரம்பலூர் பக்கம்தான் எனக்கு வேலை. அவன் ஊர் பெயர் எனக்குத் தெரியும். அந்த ஊர் டிரான்ஸ்ஃபார்மருக்கு எஸ்டிமேட் போட்டுக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். இடம் பார்க்க ஜூனியர் எஞ்சினியரை அனுப்பினேன். நான் போகவில்லை.

கார்னெலில் திரும்பி வராமல் போன அந்த ஆறு பேரின் பெயர் அந்தச் சுவரில் இல்லை. ஏழு பேரைப் பற்றிப் பேத்தி சொல்லிக்கொண்டே போனாள், நான் அந்த ஆறு பேரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊரில் போய் என்ன சொல்லியிருப்பார்கள், அப்பா அம்மா கேட்டபோது?

வெயில் இறங்கிக் காற்று எழும்பியது. "என்ன தாத்தா, பேசாம உக்காந்துட்டீங்க?" என்றாள் பேத்தி.

"குளிருதும்மா, கிளம்பலாம்" என்றேன்.